விரல் போட்ட கணக்கு

பக்கத்து வீட்டு லீலாவுக்கு என்மேல் கோபம். அவள் பெண் சுதாவின் குழந்தை இன்னும் பால் மறக்கவில்லை. அதற்குள் அடுத்தது தங்கிவிட்டது. இப்போதைக்கு வேண்டாம் என்று சுதாவும் அவள் புருஷனும் பேசி முடிவெடுத்தார்கள். அவனுக்கு லீவு கிடைக்காததால் செம்பூரில் இருக்கிற கிளினிக்குக்கு லீலா துணைக்குக் கிளம்பினாள். "ஆன்ட்டி, நீங்க நர்ஸா இருந்தவங்க, கூட வந்தா எனக்கு தைரியமா இருக்கும்" என்று என்னையும் கூப்பிட்டாள். தைரியம் கொடுக்கப் போன நான் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் சின்னப் பெண். கடைசியாக மாதவிலக்கு எப்போது வந்தது என்று சுதாவைப் பார்த்து இந்தியில் கேட்டாள். சுதா வாயைத் திறப்பதற்குள் லீலா பதில் சொல்லிவிட்டாள். லீலாவின் மணிக்கட்டைப் பிடித்து, "வா, சாயா குடிப்போம்" என்று எழுப்பினேன்.

"க்யா ஆன்ட்டி! பொண்ணு உள்ள இருக்கா, இப்பவா சாயா?"

"வான்னா வா. பேசாம வா."

அந்தக் கோபம்தான் அவளுக்கு இன்னும் தீரவில்லை. சுதாவுக்கு ஒரு குறையும் இல்லை. மத்தியானத்துக்குள் தன் காலாலேயே நடந்து வந்து, பசிக்கிறது, வடாபாவ் வேண்டும் என்றாள். என் கையைத் தொட்டுவிட்டு, "படுத்தது நான். உங்க கை ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு?" என்று சிரித்தாள். கை ஏன் ஜில்லிட்டது என்று தாய்க்கும் மகளுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பும் பிரசவப் படிப்பும் முடித்தேன். படுக்கை விரிப்பை மூலை மடிப்பதும் திட்டு வாங்குவதுமாக அந்த வருஷங்கள் ஓடிவிட்டன. பிறகு தாராவியில் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்த ஒருவரைக் கட்டிக்கொண்டு பம்பாய் வந்து சேர்ந்தேன். அறுபதுகளின் தொடக்கம். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் வேலை கிடைத்தது.

அந்த வார்டில் ஜன்னலோரமாக ஒரு வரிசை உண்டு. அங்கே படுத்திருப்பவர்களுக்கு என்ன உடம்பு என்று யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள். எவளோ ஒருத்தி ஏதோ ஓர் அறையில், கழுவாத கையால் எதையோ உள்ளே வைத்து அனுப்பியிருப்பாள். காய்ச்சல் அடுப்பாகக் கொதிக்கும். வாடை வார்டு வாசலிலேயே மூக்கில் அறையும். தாயின் உயிரைக் காப்பாற்ற என்றால் ஒழிய, கருவைக் கலைப்பது அப்போது குற்றம். செய்தவருக்கும் ஜெயில், செய்துகொண்டவளுக்கும் ஜெயில். அதனால் கட்டிலுக்குப் பக்கத்தில் போலீஸ் ஹவல்தார் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, யார் செய்தது, பெயரைச் சொல் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

ஆண்டாப் ஹில்லிலிருந்து வந்த ஒருத்தியை என்னால் மறக்க முடியாது. உதடு வெடித்துக் கிடந்தது. நான் தமிழ்க்காரி என்று தெரிந்ததும் என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, போலீஸ்காரன் போயிட்டானா?"

"போயிட்டான், தாயி."

"அப்ப கொஞ்சம் தண்ணி தா."

வாயைத் திறந்தால் பெயர் வந்துவிடுமோ என்று காலையிலிருந்து தண்ணீர்கூடக் கேட்காமல் கிடந்திருக்கிறாள். சாயங்காலம் அந்தக் கட்டிலுக்கு வேறு விரிப்பு போட்டேன். அதன்பிறகு அந்த வரிசைப் பக்கம் போகவே என்னால் முடியவில்லை. வேலையை விட்டுவிட்டேன்.

மாட்டுங்காவில் டாக்டர் கனகா என்று ஒரு லேடி டாக்டர் கிளினிக் வைத்திருந்தார். கீழே பூக்கடை, மேலே மாடியில் கிளினிக். ஒரு மேஜை, இரண்டு கட்டில், அவ்வளவுதான். "சிஸ்டர் ஞானம்" என்று அங்கே சேர்ந்தவள் ரிட்டயர் ஆகும்வரை வேறு வாசல் மிதிக்கவில்லை.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தால் பூக்கடை வரைக்கும் கேட்கும். பஞ்சு மூடியைத் திறந்து வைத்தால் கத்துவார். துண்டு கோணலாக இருந்தால் கத்துவார். அதற்கெல்லாம் நான் மசிய மாட்டேன், ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவேன். அவருக்குப் பயம் வந்தால்தான் எனக்குக் குலை நடுங்கும். பயம் வந்தால் அவர் குரல் தாழ்ந்துவிடும். எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு ஆபத்து என்று அர்த்தம்.

கருப்பையைச் சுத்தம் செய்கிற வேலையில் அவர் வைத்திருந்த ஒழுங்கு இப்போதும் என் கையில் இருக்கிறது. கருவிகள் பம்ப் ஸ்டவ்வில் தளதளவென்று கொதிக்க வேண்டும். ட்ரேயில் முதலில் ஆழம் பார்க்கிற கம்பி, பிறகு வாயை விரிக்கிற கம்பிகள், மெல்லியதிலிருந்து தடித்தது வரை வரிசையாக. கடைசியில் சுரண்டுகிற கரண்டி. என் சேலைத் தலைப்பு ட்ரேயின் ஓரத்தில் உரசினால்கூட எல்லாம் மறுபடி அடுப்புக்குப் போகும். உள்ளே போகிற எதையும் அவர் தள்ள மாட்டார். "வழி குடுத்தா போகணும். குடுக்கலேன்னா நிக்கணும்" என்பார். முடிந்த பிறகு நான் கட்டில் பக்கத்திலேயே இருந்து நாடியும் ரத்தப்போக்கும் பார்ப்பேன். தானாக எழுந்து பாத்ரூம் போய் வந்தால்தான் வீட்டுக்கு. மறுநாளோ அதற்கு மறுநாளோ காய்ச்சல் வந்தால், வயிறு வலித்தால், எந்த நேரமானாலும் இங்கேதான் வர வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்புவோம். நாள் கடந்துபோகாத கருவாக இருந்து, கை சுத்தமாகவும் பழகிய கையாகவும் இருந்தால், காலையில் வந்தவள் மாலையில் வீட்டுக்குப் போய்விடுவாள். அதை நான் அங்கேதான் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் அந்த மேஜைக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர். தானாகக் கலைந்து பாதியில் நின்றவர்கள் வருவார்கள். மற்றபடி, இந்தப் பிள்ளையைச் சுமந்தால் தாய் செத்துப்போவாள் என்று இன்னொரு டாக்டரும் ஒத்துக்கொண்டால் ஒழிய டாக்டரம்மா தொட மாட்டார். தாராவியிலிருந்தும் மாஹிமிலிருந்தும் வருகிற பெண்களைப் படிக்கட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்புவது என் வேலை. "எங்கிட்டுப் போவேன்?" என்று கேட்பார்கள். அவர்கள் எங்கே போவார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த ஜன்னலோர வரிசை ஞாபகம் வந்து சோறு இறங்காது.

அப்படியிருக்கும்போதுதான், ஒரு நவராத்திரிக்கு முன்னால், ராஜம் என்ற பெண்ணின் புருஷன் வந்தார். ஆபீஸ் பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றுகொண்டே பேசினார். ராஜத்துக்குச் சின்ன வயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து இருதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. இரண்டாவது பிரசவத்தில் நெஞ்சில் நீர் கோத்து, பிழைத்ததே மறுபிறவி. இன்னொரு குழந்தை கூடவே கூடாது என்று இருதய டாக்டர் சொல்லியிருந்தார். இப்போது நாள் தள்ளிப்போயிருக்கிறது. இருதய டாக்டரைக் கேட்டால், உடனே கலைத்துவிடுவதுதான் உயிருக்கு நல்லது என்கிறார். கடைசியாக எப்போது வந்தது என்று டாக்டரம்மா கேட்டதற்கு, "ஆவணி அவிட்டத்தன்னிக்குன்னு அம்மா சொல்றா" என்றார். கணக்குப் பார்த்தால் ஏழு வாரம்கூட ஆகவில்லை.

"நாளைக்கே வெறும் வயித்தோட அழைச்சுண்டு வாங்கோ" என்றார் டாக்டரம்மா. மயக்கம் கொடுத்தால் அந்த இருதயம் தாங்காது என்று, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து முடித்துவிடலாம் என்று பேசி வைத்திருந்தார்கள்.

காலையில் ராஜம் மாமியாரோடு வந்தாள். ஒல்லி உடம்பில் ஒன்பது கஜம் சுற்றியிருந்தாள். அந்தப் படிக்கட்டு ஏறுவதற்குள் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். உதட்டில் நீலம் ஓடியிருந்தது. மாமியார் அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "பகவானே, இவளைக் காப்பாத்திக் குடு" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். கொடுமைக்கார மாமியார் என்று யாராவது கதை கட்டினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த அம்மாள் மருமகளைக் காப்பாற்றத்தான் ஓடி வந்தார். நானும் கூட இருப்பேன் என்று அடம்பிடித்து அறைக்குள்ளேயே நின்றார்.

ராஜம் மேஜையில் படுத்தாள். மூச்சு முட்டும் என்று தலைக்கு உயரமாக வைத்தோம். டாக்டரம்மா கையுறை போட்டுக்கொண்டு மறுபடி கேட்டார். "கடைசியா எப்போம்மா?"

ராஜம் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் முந்திக்கொண்டார். "சத்தியமா சொல்றேன் டாக்டர். ஆவணி அவிட்டத்தன்னிக்கு, பூணல் மாத்திண்டு எல்லாரும் சாப்பிட உட்கார்ற நேரம். நான்தான் தனியா இலை போட்டேன். என் கண்ணால பார்த்ததாக்கும்."

டாக்டரம்மாவிடம் ஒரு வழக்கம் உண்டு. தேதியைக் காது கேட்டுக்கொள்ளட்டும், கணக்கை விரல் போடட்டும் என்பார். ஒரு கை உள்ளேயும் ஒரு கை அடிவயிற்றின் மேலுமாக வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். ஏழு வாரம் என்றால் ஒரு சின்ன சாத்துக்குடி அளவு தட்டுப்பட வேண்டும். மேலே வைத்த கை அடிவயிற்று எலும்புக்குப் பக்கத்தில் அழுத்தியது. அங்கிருந்து கொஞ்சம் மேலே நகர்ந்தது. இன்னும் மேலே, தொப்புளுக்கும் எலும்புக்கும் நடுவில் போய் நின்றது. சாத்துக்குடி இருக்க வேண்டிய இடத்தில் தேங்காய் இருந்தது.

டாக்டரம்மா கண்ணைத் திறந்தார்.

"ஞானம், ட்ரேயை மூடு."

காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியாத குரல். எனக்கு உச்சந்தலையிலிருந்து வேர்த்துவிட்டது. துணியை எடுத்து மூடும்போது கம்பிகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன.

"மாமி, கொஞ்சம் வெளில இருங்கோ."

"ஏன் டாக்டர்? ஏதாவது…"

"வெளில."

அந்தக் குரலுக்கு மாமி போய்விட்டார். நான் கதவைச் சாத்தினேன். டாக்டரம்மா ஸ்டூலை இழுத்து ராஜத்தின் தலைமாட்டில் போட்டுக்கொண்டார்.

"ராஜம், நான் உன்னைத் திட்டப் போறதில்லை. நெஜமா கடைசியா எப்போ வந்தது?"

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சாகச் சொன்னாள். "பெரியவனுக்கு ஸ்கூல் திறந்துதே… முதல் மழை பெஞ்ச வாரம். அப்போதான்."

"ஆவணி அவிட்டத்தன்னிக்கு ஒதுங்கி உட்கார்ந்துண்டியே?"

"அது பொய்."

"அதுக்கு முந்தின மாசம்?"

"அதுவும் பொய்தான்."

"ஏன்டி அப்படிப் பண்ணினே?"

"மூணு நாள் படுத்துக்கலாமே, டாக்டர்."

டாக்டரம்மா அவள் பக்கம் குனிந்தார். அவளே சொன்னாள். "வரலைன்னு சொன்னா விடிஞ்சா குழாயடி. தண்ணி தூக்கணும், மாவு அரைக்கணும். மூச்சு வாங்கறதுன்னா, எல்லாருக்கும்தான் வாங்கறதுன்னு சொல்லிடுவா. வந்துடுத்துன்னு சொல்லிட்டா ஒருத்தரும் ஒண்ணும் கேக்கமாட்டா. பாயைப் போட்டுண்டு பாத்ரூம் பக்கத்துல ஒரு ஓரமா படுத்துக்கலாம். நாள் தள்ளிப்போனது எனக்கே பயமாத்தான் இருந்தது. தானா வந்துடும், வந்துடும்னு இருந்துட்டேன்."

அந்த மாதிரி ஆசாரமான வீடுகளில் மாதவிலக்கு ரகசியம் இல்லை. மூன்று நாளும் அந்தப் பெண் வீட்டுக்குள் சேர்த்தி இல்லை; 'ஆத்துல இல்லை', 'உட்கார்ந்துண்டிருக்கா' என்பார்கள். அடுப்பைத் தொடக்கூடாது, குடத்தைத் தொடக்கூடாது. சாப்பாடு தள்ளி வைக்கிற தட்டில் வரும். ஒரே அறையும் சமையலறையுமாக இருக்கிற இடத்தில் அது மாமனாருக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்கும் தெரியும். வீட்டுக்கே தெரிந்த தேதி பொய்யாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? இன்னொரு குழந்தை கூடாது என்று இருதய டாக்டர் சொன்னது அவர்கள் காதில் விழுந்திருந்தது. உடம்பை வருத்தக்கூடாது என்று சொன்னது விழவில்லை.

ஏழு வாரம் என்று நம்பி அந்த மேஜையில் ஆரம்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நாலாம் மாதக் கருப்பைச் சுவர் ஊறின அப்பளம் போல இருக்கும். கம்பி குத்திக்கொண்டு போய்விடும். ரத்தம் பிய்த்துக்கொண்டு வந்தால் ஏற்றுவதற்கு எங்களிடம் ஒரு பாட்டில் ரத்தம் கிடையாது. அந்த இருதயம் அதற்குமுன்னே நின்றிருக்கும். டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார்.

"இங்க முடியாது ஞானம். பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான்."

"டாக்டரம்மா, இங்கேயிருந்து கொண்டுபோனா நம்மளத்தானே கேப்பாங்க? என்ன செஞ்சீங்கன்னு போலீஸ் வந்திருமே. எனக்குப் பயமாயிருக்கு."

"எனக்கும்தான் பயமா இருக்கு. டாக்ஸியைக் கூப்பிடு."

டாக்ஸியில் ராஜத்தை நிமிர்த்தி உட்காரவைத்து நானும் டாக்டரம்மாவும் இரண்டு பக்கமும் தாங்கிக்கொண்டோம். முன்னால் மாமியார், திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு. நான் விட்டுவிட்டு வந்த ஆஸ்பத்திரிதான். வாசலில் காக்கிச் சட்டையைப் பார்த்ததும், என்னிடம் தண்ணீர் கேட்ட அந்த ஆண்டாப் ஹில்காரி நினைவுதான் வந்தது. அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். உங்கள் கிளினிக்கில் இவளுக்கு என்ன செய்தீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். டாக்டரம்மா, "விரலால் பார்த்தேன். வேறொன்றும் செய்யவில்லை" என்றார். அவர் நம்பவில்லை. திரைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். நான் சுவரோடு ஒட்டி நின்று வாய்க்குள்ளேயே ஜெபித்தேன். ஒரு பொட்டு ரத்தம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அவர் எங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார்.

நாலாம் மாதம் முடிகிறது என்று அங்கே அவர் சொன்னதை மாமியாரும் கேட்டார். "அதெப்படி? ஒதுங்கி உட்கார்ந்தாளே, நான் பார்த்தேனே" என்றார். ராஜம் கட்டிலிலிருந்து, "மன்னிச்சுடுங்கோம்மா, படுத்துக்கணும்போல இருந்தது" என்றாள். மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அவளைப் படுக்கையிலேயே வைத்து, மூச்சுத் திணறலைக் குறைத்து, பிறகு வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். இனி கருவே தரிக்காதபடியும் செய்துவிட்டார்கள். ஒரு காலைப்பொழுதில் முடிந்து வீட்டுக்கு நடந்து போயிருக்க வேண்டியவள், இரண்டு தடவை செத்துப் பிழைத்தாள். டாக்டரம்மா தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அவர் குரல் பழையபடி உயர்ந்து பஞ்சு மூடிக்காக என்னைத் திட்டிய அன்றுதான் ராஜம் பிழைத்துவிட்டாள் என்று எனக்கு நிச்சயமாயிற்று.

அதற்குப் பிறகு எங்கள் கிளினிக்கில் பெண்ணிடம் நாள் கேட்கும்போது கூட யாரும் இருக்கக்கூடாது. தாயானாலும் சரி, மாமியாரானாலும் சரி, தாலி கட்டினவனானாலும் சரி. அவர்களை வெளியே தள்ளிக்கொண்டு போவது என் பொறுப்பு. காபி, பூ, டாக்ஸி என்று எதையாவது சொல்வேன். பிறகு சட்டம் மாறி, வாசலில் நின்று திருப்பி அனுப்புகிற வேலை எனக்கு இல்லாமல் போனது. ஆனால் இந்த வேலையை மட்டும் கடைசி நாள் வரை விடவில்லை. லீலாவை சாயாக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனதும் இந்தப் பழக்கத்தில்தான். சுதா உள்ளே எந்தத் தேதி சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. லீலாவும் கேட்க வேண்டாம்.

அந்த வருஷம் மார்கழியில் டாக்டரம்மா என்னை வீட்டுக்கே போய் ராஜத்தின் நாடியைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். போனேன். பாத்ரூம் பக்கத்தில் பாயில் ராஜம் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். உதட்டில் நீலம் இல்லை. மாமியார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆட்டுரலில் மாவு அரைத்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை. பக்கத்து வீட்டு அம்மாள் கதவருகே நின்று எட்டிப் பார்த்தாள்.

"என்ன மாமி, மறுபடியும் ராஜம் ஆத்துல இல்லையா? போன வாரம்தானே உட்கார்ந்துண்டிருந்தா?"

"உடம்பு கெட்டவளுக்கு அப்படித்தான் வரும். நாள் கணக்கெல்லாம் உண்டா?" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு மாமியார் எழுந்து கதவைச் சாத்தினார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கையை அலம்பிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நான்தான் உட்காரச் சொல்றேன், சிஸ்டர். இவளுக்கு மூச்சு வாங்கறபோதெல்லாம். ரெஸ்ட்டுன்னு சொன்னா இந்த ஆத்துல ஒருத்தருக்கும் புரியாது. இப்படிச் சொன்னா வாயை மூடிண்டு இருக்கா."

ராஜத்தின் மேல் போர்வையை இழுத்துவிட்டார்.

"நானும் பண்ணியிருக்கேன். இவ வயசுல, இடுப்பு விட்டுப்போற மாதிரி இருந்தா, வந்துடுத்துன்னு பொய் சொல்லிட்டு ஓரமா படுத்துண்டுடுவேன். என் மாமியார் கடைசி வரைக்கும் கண்டுபிடிக்கலை. நான் பண்ணினதையேதான் இவளும் பண்ணியிருக்கா. எனக்குத் தோணலியே, சிஸ்டர். கண்ணால பார்த்தேன்னு அந்த டாக்டர் முன்னாடி நின்னு சத்தியம் பண்ணினேனே."